ஒரு நூல் பிசகாமல்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் இலக்கிய ஆர்வம் அல்ல. செம்பூரில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த மாட்டுங்கா மகாதேவன், பாயசம் வரும்வரை பொழுது போகவேண்டுமே என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்:

"கேட்டேளா? தாராவிப் பட்டறை ஒண்ணுக்கு ஜெர்மன்காரன் வந்தானாம். 'மூணு மில்லிமீட்டர் முன்னப்பின்ன இருக்கும்'னு சொன்னாளாம். பொருளோட தடிமனே மூணு மில்லிமீட்டர்! மனுஷன் ஓட்டமா ஓடிட்டானாம்."

பந்தியே சிரித்தது. அந்தப் பட்டறை என் தம்பி கணேசபாண்டியனுடையது. நான் பாயசம் வாங்காமல் எழுந்துவிட்டேன். ஜெர்மன்காரர் ஓடவில்லை. நடந்துதான் போனார்; அதுவும் இரண்டு டீ குடித்துவிட்டு. நடந்ததை நடந்தபடி எழுதி, அச்சில் ஏற்றி, ஒரு பிரதியை மகாதேவன் வீட்டுக்கே அனுப்புவது என்று அன்று முடிவு செய்தேன்.

2

[தாராவி என்னும் உழைப்புக் கடலின் ஆழத்தில் ஒரு முத்தாக]

வேண்டாம், அடித்துவிட்டேன். தம்பியின் பட்டறைக்குள் ஜூலையில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். கடலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

[உலகத்தரம் என்கிறோமே, அது எந்த உலகத்தின் தரம் என்று கேட்டால்]

இது கட்டுரையாகப் போகிறது. இருந்தாலும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நாடுகள் இப்போது சரக்குக்கு மட்டும் போட்டி போடவில்லை. சரக்கைச் செய்யத் தெரிந்த ஆளுக்கும் போட்டி போடுகின்றன. தம்பி மகள் ஷாலினி மெக்கானிக்கல் எஞ்சினியர். அவளோடு படித்த நகுல் ஜெர்மனியில், மானசா தைவானில். மற்றவர்கள் பாங்கில் உட்கார்ந்து கிரெடிட் கார்டு விற்கிறார்கள். ஷாலினி மட்டும் அப்பாவின் பட்டறையில் பித்தளைத் தூசியோடு நிற்கிறாள். அவள் நிற்பாளா, போவாளா என்பதுதான் இந்தக் கதை.*

* மகாதேவனுக்குப் பதில் சொல்வதுதான் கதை என்று முதல் பகுதி எழுதும்போது நினைத்திருந்தேன்.

3

ஜெர்மன் கம்பெனி ஆள் பட்டறையைச் சோதிக்க வரும் நாள். கணேசபாண்டியனுக்கு விடிந்ததிலிருந்தே சட்டைக் காலர் இறுக்கியது. புதுச் சட்டை. கம்ப்யூட்டர் லேத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தான். பிறகு வெளிநாட்டு ஆள் என்ன நினைப்பாரோ என்று மிளகாயை மட்டும் அவிழ்த்தான்.

பொருள், காபி இயந்திரத்துக்குள் போகும் ஒரு பித்தளைப் பின். (எங்களுக்குக் காபி போட ஜெர்மனி சொல்லித்தருகிறது என்பதைப் பொறுத்துக்கொள்கிறேன்.) தடிமன் மூன்று மில்லிமீட்டர். பத்து மைக்ரானுக்கு மேல் பிசகக் கூடாது. தலைமுடி ஒன்றை நீளவாக்கில் எட்டாகக் கிழித்தால் ஒரு கீற்று இருக்குமே, அவ்வளவுதான். இதே பின்னுக்குத் தைவானில் ஒரு கம்பெனியும் செக் நாட்டில் ஒரு கம்பெனியும் போட்டி.

தேறாத பின்களை ஷாலினி ஒரு சிவப்புப் பெட்டியில் சேர்த்து வைப்பாள். ஒவ்வொன்றோடும் இங்கிலீஷில் ஒரு சீட்டு: தேதி, என்ன தவறு, ஏன் நேர்ந்தது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் கிழிந்த வேட்டியை எடுத்துக் காட்டுவார் உண்டா? கணேசபாண்டியன் பெட்டியின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்த வாக்கிலேயே கம்பீரமாகச் சொன்னான்:

"எங்க வேலையில ஒரு நூல் பிசகாது."

படித்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: இம்மியும் தவறாது. ஆனால் ஷாலினி தமிழைப் புத்தகத்தில் படித்தவள் அல்ல, பட்டறையில் கேட்டவள். பட்டறையில் நூல் என்பது ஓர் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பக்கத்துப் பட்டறை ஹமீது அதையே ஹிந்தியில் 'சூத்' என்பார். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டு, மிகச் சரியாக, இங்கிலீஷில் சொன்னாள்: "எங்கள் வேலை 3.175 மில்லிமீட்டருக்கு மேல் தவறாது."

ஜெர்மன்காரர் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் பார்த்தார். பின்னைப் பார்த்தார். அந்தக் கணக்குப்படி, பின் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் அது தேறிய பின்தான்.

4

இதுவரை எழுதியதைப் பட்டறைக்குப் போய் ஷாலினிக்கு வாசித்துக் காட்டினேன். (பஸ் போர்டு படிக்குமளவுக்குத்தான் அவளுக்குத் தமிழ் எழுத்து.) பின்னொன்றை அளவுக்கருவியில் பிடித்தபடியே கேட்டாள். 3-ஆம் பகுதியில் நிறுத்தினாள்.

"பெரியப்பா, ஏக் மினிட். அப்பா எங்க உக்காந்தாங்க? அப்பா மெஷின்கிட்ட நின்னுட்டுல்லா இருந்தாங்க. பெட்டி மேல உக்காந்தது நீங்க."

"கதைன்னா கொஞ்சம் மாத்தித்தான் எழுதணும், தாயி."

"நூலுன்னு சொன்னதும் நீங்கதான். அப்பாவுக்கு அவ்வளவு பெரிய டயலாக்கு வராது."

லேத்துப் பக்கமிருந்து கணேசபாண்டியன் திரும்பாமலே சொன்னான்: "விடும்மா. அண்ணன் எழுதுனா எழுதிட்டுப் போறாவ. நான்னே இருக்கட்டும்."

அந்த 'இருக்கட்டும்' எனக்குச் சுருக்கென்றது. செம்பூரில் மகாதேவன் செய்ததை, காகிதத்தில் நான் செய்திருக்கிறேன்.

"ரிஜெக்ட், பெரியப்பா," என்றாள் ஷாலினி, பின்னைப் பார்த்துச் சொன்னாளா என்னைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியாதபடி.

ஆகவே வாசகர்கள், 'கணேசபாண்டியன் உட்கார்ந்துகொண்டான்' என்று வருமிடத்தில் 'நான்' என்று படித்துக்கொள்ளவும். பழைய வாக்கியத்தை நீக்கவில்லை. இருக்கட்டும்.

5

மேற்கொண்டு நடந்தது இது. ஜெர்மன்காரர் 3.175-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, "தேறாத பின்கள் எங்கே?" என்று கேட்டார்.

கணேசபாண்டியன் மெஷினிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

"பெரியப்பா, எந்திரிங்க," என்றாள் ஷாலினி.

"முட்டு வலிக்கு, தாயி." வலி ஒன்றும் இல்லை.

"எந்திரிங்கன்னா."

எங்கள் அப்பா காலமான பிறகு என்னை எழுந்திருக்கச் சொன்னவர் எவருமில்லை. எழுந்தேன். துண்டையும் நானே எடுத்தேன்.

ஜெர்மன்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். 'மின்சாரம் போய் வந்தது.' 'கருவி முனை தேய்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை.' 'அப்பா ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.' கடைசிச் சீட்டுக்குச் சிரித்துவிட்டார். நூல் குழப்பத்தையும் ஷாலினி அப்போதுதான் விளக்கினாள். இரண்டாவது டீ கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மற்ற இரண்டு இடத்திலும் எனக்கு நல்ல பின்களை மட்டுமே காட்டினார்கள்." பிறகு 3.175-இன் மேல் ஒரு கோடு போட்டார். அழிக்கவில்லை, படிக்கும்படி கோடு மட்டும் போட்டார். இந்தக் கதையின் அடித்த வரிகளெல்லாம் உங்கள் கண்ணில் படுவது அதனால்தான்.

6

பத்து நாளில் ஒரு மெயில் வந்தது. பட்டறை தேர்வாகிவிட்டது. ஒரு நிபந்தனை: தரப் பொறுப்பாளர் ஷாலினி. அவள் விலகினால் தேர்வு ரத்து. மீண்டும் முதலிலிருந்து சோதனை.

இரண்டு நாள் கழித்து அதே கம்பெனியின் வேறொரு பிரிவிலிருந்து இன்னொரு மெயில். ஜெர்மனியிலுள்ள தொழிற்சாலையில் தரப் பிரிவு வேலை. யாருக்கு? ஷாலினிக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

கணேசபாண்டியன் இரண்டையும் படிக்கச் சொல்லிக் கேட்டான். "சரக்கு புடிச்சிருக்குன்னான். இப்ப ஆளும் புடிச்சிருக்குங்கான். ஒரே கம்பெனிதானம்மா? அவனுவ தங்களுக்குள்ள பேசிக்கிட மாட்டானுவளா?"

ஷாலினி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மகளைப் போகச் சொன்னால் பட்டறை போகும். இருக்கச் சொன்னால் அவள் முகம் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அன்றிலிருந்து அவளிடம் மைக்ரானைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

மூத்தவன் என்ற முறையில் முடிவை நான் எழுதினேன். இரண்டு விதமாக.

[அ. ஷாலினி விமானம் ஏறினாள். கணேசபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடும்பப் பேரைக் காப்பாத்தும்மா" என்றான். நான் பின்னால் நின்று]

[ஆ. ஷாலினி அந்த மெயிலை அழித்தாள். "எனக்கு இந்தப் பட்டறைதான் ஜெர்மனி" என்று உரக்க]

7

இன்று வியாழக்கிழமை. பட்டறையில் உட்கார்ந்து இரண்டு முடிவையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அரே, முதலாவதுல அழுறது அப்பா, நிக்கிறது நீங்க. ரெண்டாவதுல நான் பேசுறேன், அது என் வார்த்தையே இல்ல. என்ன செய்யப் போறேன்னு என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. லேத்தை நிறுத்திவிட்டுக் கணேசபாண்டியன் மெதுவாக வந்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சரி. என்னம்மா செய்யப் போற?"

ஷாலினி என் கையிலிருந்து அந்த இரண்டு தாளையும் வாங்கி, ஒரு சீட்டில் தேதி எழுதி, தவறு என்ற இடத்தில் 'ஆளைக் கேட்காமல் செய்தது' என்று இங்கிலீஷில் எழுதி, குண்டூசி குத்தினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"பெரியப்பா, எந்திரிங்க. பெட்டியத் திறக்கணும்."

அவள் அப்பாவுக்குச் சொன்ன பதிலை நான் கேட்டேன். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவள் நாளை தன் கையால் எழுதவேண்டியது. உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். தேறாவிட்டால் போட்டு வைக்கப் பெட்டியில் இடம் இருக்கிறது.

மகாதேவனுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பந்தியில் இதைச் சொல்வதானால் பெயரைச் சரியாகச் சொல்லவும். பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தது கணேசபாண்டியன் அல்ல, அவன் அண்ணன்.

இந்தக் கடைசி வரியை நின்றுகொண்டு எழுதுகிறேன்.