மாமனார் ஸ்பேனர் எடுத்த மத்தியானம்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம், திரும்பி வந்த இன்னொரு கதை. ‘உங்கள் ஆட்களுக்குச் சந்தோஷமே வருவதில்லையே’ என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் வளர்ந்த வீட்டு வழக்கப்படி அந்தக் கதையில் எல்லோரும் ஆனந்தக் கூத்தாடியிருந்தார்கள். ஒருவர் இரண்டாவது தடவை டீகூடக் கேட்டிருந்தார்.

2

முதல் தொடக்கம்: ‘கடிதத்தைப் படித்ததும் அவள் கண்களில் ஆனந்தக் கண்ணீர் து—’

வேண்டாம். அவள் பிறந்த வீட்டில் கண்ணீரோடு நிறுத்த மாட்டார்கள். அண்ணனுக்கு வேலை கிடைத்த அன்று அம்மா போட்ட கூச்சலில், யாருக்கு என்ன ஆச்சோ என்று எதிர்வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

இரண்டாவது தொடக்கம்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு அவள் தேர்வாகிவிட்டாள். வெளியூரில் மூன்று மாதப் பயிற்சி. அன்று ஐந்து மணிக்குள் போன் செய்து சம்மதம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நாலு மாதம்தான். வீட்டில் இருந்தது மாமனார் மட்டும். பம்பு மெக்கானிக்.

“மாமா! வேலை கிடைச்சிருச்சு மாமா! கிரேன்!”

“சரிம்மா,” என்றார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். ஒழுகவே ஒழுகாத குழாயைக் கழற்றும் சத்தம் கேட்டது.

3

அவளுக்கு முகம் தொங்கிப்போனது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டாள். அவர் மனம் கோண ஒரு வேலையா? கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வை—

(இந்த இடத்தில் மாமனாரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். மசியவில்லை. நிஜமாகவே பிடிக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.)

நல்லவேளை, நாலரைக்குக் கணவன் வந்தான்.

“என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?”

“வேலை கிடைச்சிருச்சுங்க. ஆனா மாமாவுக்குப் பிடிக்கல. நான் போகல.”

“அப்பா என்ன பண்றார்?”

“குழாயைக் கழட்டுறார்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “நான் பொறந்த அன்னிக்கு மூணு கதவுக்கும் கீல் மாத்தினவர்டி அவர்! நம்ம கல்யாணத்தன்னிக்கு மொட்டை மாடித் தொட்டியை ஒத்தை ஆளா இறக்கி ஏத்தினார். இன்னிக்கு வெறும் குழாய்தானா?”

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். “மூணு குழாய் முடிஞ்சிருச்சு. இப்ப மோட்டார்.”

“அப்புறம் என்ன? போனை எடு!”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சந்தோஷம் எல்லோருக்கும் ஒன்றுதான், வெளியே வரும் வழிதான் வேறு என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சத்தம் போட்டுப் பழகாத வீட்டில் சந்தோஷம் பிறப்பதே கையில்தான். அவருக்கு நெஞ்சு அடைக்கவில்லை, விரல் துறுதுறுத்தது.]

4

முடிவு அ: மாமனார் ஓடிவந்து அவளைத் தட்டிக்கொடுக்கிறார். சுத்தப் பொய்.

முடிவு ஆ: அவளும் ஒரு ஸ்பேனரோடு அவர் பக்கத்தில் உட்காருகிறாள். அழகாக இருக்கிறது. அதனாலேயே நான் நம்பவில்லை.

முடிவு இ: பயிற்சிக்குக் கிளம்பும் நாள், பஸ் நிலையம். அவள் பிறந்த வீட்டார் ஒரு படையே வந்து, பூரிப்புத் தாங்காமல் ஓவென்று அழுதுகொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டு வழக்கம் இதுதான் என்று மகனிடம் விசாரித்து வந்திருந்த மாமனார், நேராக அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை.

“எனக்கு வரமாட்டேங்குதும்மா,” என்றார். “உள்ள அவ்வளவு சந்தோஷம் கிடக்கு. எனக்கும் சேர்த்து நீயே அழுதுடு.”

அவள் என்ன செய்தாள்? என் வீட்டு வழக்கப்படி எழுதினால், “சரி மாமா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அவள் வீட்டு வழக்கப்படி எழுத எனக்குத் தொண்டை போதாது. உங்கள் வீட்டில் எப்படியோ, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.