ஸ்பீக்கரில் ஒரு தாய்

இணையத்தில் ஆங்கில வகுப்பு விற்பது என் வேலை. ஹட்டனில் ஒரு கடை மாடியில் உட்கார்ந்து போன் போடுவேன். கொழும்பில் கொடுத்த பயிற்சியில் இல்லாத வித்தை ஒன்று எனக்குத் தெரியும். நானும் பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தானே! பகல் கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். கொழுந்து பறித்த கையெல்லாம் கறை என்று தாய்மார் போனை ஸ்பீக்கரில் போடுவார்கள். பத்துப் பொம்பளைகள் கேட்டுக்கொண்டு நிற்கும்போது எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டாள். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், எனக்குச் சோறு போடுவது இதுதான்.

வேலாயியை அப்படித்தான் பிடித்தேன்.

"எம்புள்ள நிலக்ஷிக்கு டீச்சர் காலேஜ் கெடைச்சிருக்குங்க மிஸ். திங்கக்கெழம போய்ச் சேரணும். அதுக்குத்தான் அறுபதாயிரம் சேத்து வச்சிருக்கேன்" என்றாள்.

"டீச்சரா?" என்று சிரித்தேன். "மூணு வருஷம் ஹொஸ்டல்ல கெடக்கணும். பெறகு எந்தக் காட்டுல கொண்டுபோய்ப் போடுவாங்களோ! நம்ம கோர்ஸ் மூணே மாசம்க்கா. வீட்டுல இருந்தே டொலர்ல சம்பளம். ஒரே ஒரு எடந்தான் இருக்கு, இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மூடிருவோம்."

இடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க மிஸ்" என்று வேலாயி இழுத்தாள். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்கக்கா. ஒங்க தலையில தொங்குற கூடைய புள்ள தலையிலயும் மாட்டத்தான் போறீங்களா?" என்றேன்.

"கட்டிருடி வேலாயி! புள்ளய விடக் காசா பெருசு?" என்று பக்கத்தில் ஒருத்தி கத்தினாள். புண்ணியவதி, என் வேலையை அவளே முடித்துவிட்டாள். சாயங்காலம் அறுபதாயிரமும் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை நிலக்ஷி கல்லூரிக்குப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலாயியே கூப்பிட்டாள்.

"வகுப்புன்னு பழைய வீடியோதான் வருதாம் மிஸ். சந்தேகம் கேட்டா யாரும் பதில் சொல்றதில்லயாம். காலேஜுல போயிக் கேட்டோம். அந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்களாம்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் போனை வைத்திருப்பேன். அவளோ கெஞ்சினாள்.

"காசத் திருப்பித் தர வேணாங்க. நீங்க நம்ம ஆளு. ஒங்க ஆபீசுல புள்ளைக்கு ஒரு வேல பாத்துக் குடுங்க மிஸ். இல்லாட்டி அது மலைக்குக் கொழுந்தெடுக்கத்தான் போகணும்."

நெஞ்சு சுருக்கென்றது, மறைக்கமாட்டேன். ஆனால் எனக்கும் அந்த நேரம் ஆள் தேவைப்பட்டது.

கல்லூரிக்கென்று தைத்த ஜாக்கெட்டும் சேலையுமாக நிலக்ஷி வேலைக்கு வந்தாள். அவள் தோட்டத்து நம்பர்களை எழுதி முன்னால் வைத்தேன்.

"இவங்கள்லாம் எங்க லயத்து ஆளுங்க மிஸ்" என்றாள்.

"அதுக்குத்தான் ஒன்ன எடுத்தேன்."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வேலை முடிவதற்குள் மூன்று பேரைச் சேர்த்துவிட்டாள்.