குட் மார்னிங் பொண்ணு

இங்கிலீஷ் வாத்தியார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணை நூறு நாளில் ஆங்கிலம் பேச வைத்துக் காட்டுகிறேன் என்று பள்ளியின் பெயரில் ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினார்.

முதல் நாள் அவள் "குட் மார்னிங்" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து, "குட் மார்னிங்". இப்படியே ஏழு தடவை. நூறாம் நாள் வீடியோவோடு சேர்த்துப் பார்த்தால் பிள்ளையின் வளர்ச்சி தெரியுமே என்று வாத்தியார் அதை அப்படியே போட்டார். இரண்டே நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கடைவீதியில் முன்பின் தெரியாதவனெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு குட் மார்னிங் சொன்னான்.

"எடுத்துடுங்க சார்" என்று அழுதாள்.

"நூறாம் நாள் வரட்டும்மா. எல்லார் வாயும் அடைஞ்சிடும்."

அவளும் விடவில்லை. அம்மாவின் சலவைக்கடையில் துணி மடித்துக்கொண்டே பேசிப் பழகினாள். நூறாம் நாள் அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அந்த வீடியோவை முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். அதில் பாதி வாத்தியாரே.

பெரிய பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரே ஒரு இலவச இடம் இருந்தது. ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு. அம்மாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. இடம் கிடைக்காவிட்டால் மகள் கையில் இஸ்திரிப் பெட்டி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வாத்தியாரும் துணைக்குப் போனார்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவிலிருந்த அம்மாள் அவளைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். "ஏய், நீ அந்த குட் மார்னிங் பொண்ணுதானே! எங்க வீட்டுப் பசங்க உன்னைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டேன்."

ஓரத்திலிருந்தவர் செல்போனை எடுத்து அவள் பக்கம் நீட்டிப் பிடித்தார். பெண் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்தாள். இவர்கள் மனதைக் குளிர வைத்தால் இடம் தந்துவிடுவார்கள் என்று பட்டது அவருக்கு. தலையை ஆட்டினார்.

அவள் செய்து காட்டினாள். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாலாம் தடவைக்குப் பிறகு அவள் நடிக்கவில்லை என்பது வாத்தியாருக்கு மட்டும்தான் தெரிந்தது. கண்கள் மிரண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அவள் நிஜமாகவே முதல் நாளில் போய் நின்றாள்.

"போதும்மா, போ. சொல்லி அனுப்புறோம்" என்றாள் அம்மாள், கண்ணைத் துடைத்தபடி. கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் செல்போனை எடுத்து, அந்த முதல் நாள் வீடியோவைப் பக்கத்திலிருந்து நீக்கினார்.

"எடுத்துட்டேம்மா."

"சரிங்க சார்."

இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்காது, யாரோ அவருக்குப் புதிதாக ஒன்றை அனுப்பியிருந்தார்கள். 'குட் மார்னிங் பொண்ணு, நேரில்!' அதற்குள் பதினோராயிரம் பேர் பார்த்தாயிற்று. முன்னால் அவள் முகத்தைத் துடைக்கிறாள். பின்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.