மாதா கூட்டின் சிவப்புக் குமிழ்

சோலார் தகடுகளைச் சங்கக் கட்டடக் கூரையில் ஏற்றிய இரண்டாவது கிழமையே மின்சாரம் குறைந்தது. நல்ல வெயில். மேகம் இல்லை. ஆனால் நண்பகலில் எண் பாதியாக விழுந்தது. கம்பிகளைப் பார்த்தேன். மூட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் ஏணி வைத்து ஏறினேன்.

தகடுகளின் மேல் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது.

ஒன்றன்மேல் ஒன்று படாமல் அழகாகப் பரப்பியிருந்தார்கள். காகம் கொத்தாமல் இருக்கப் பழைய வலையும் விரித்திருந்தார்கள். கீழே பார்த்தேன். பெண்கள் சங்கத் தலைவி லூசியா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அக்கா, இது என்ன?"

"நெத்தலி."

"அது தெரியுது. ஏன் இதுக்கு மேல?"

"மண் ஒட்டாது தம்பி. சரிவாயும் கிடக்கு. கண்ணாடி நல்லாச் சுடுகுது, ஒரு பகல்ல கலகலவெண்டு காஞ்சிடும். வெயில் சும்மாதானே விழுகுது?"

"சும்மா விழேல்லை. அதைத்தான் கரண்டா எடுக்கிறம்."

அக்கா யோசித்தார். "அப்ப என்ர மீன் கரண்டைத் திண்டிட்டுது எண்டுறாய்."

மதிலோரம் வலை பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியன் தலை நிமிர்த்தினான். "இனி அந்த நெத்தலியைப் பொரிக்க அடுப்புத் தேவையில்லை அக்கா. வாயில போட்டா அதுவே பொரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பொதுக் கூரையில் சொந்த மீனைக் காயப்போடக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பின்னேரம் அக்கா காய்ந்த நெத்தலியில் ஒரு பை கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தார்.

"உன்னைக் கூரையில ஏத்தினதுக்கு. பொரிச்சுச் சாப்பிடு."

பையைக் குசினித் தட்டில் வைத்தேன். என் மனைவி எடித் போனபின் அந்த அடுப்பை நான் மூட்டவில்லை. கடைப் பாண் போதுமாக இருந்தது.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருக்கிறது எங்கள் கரை. ஒழுங்கையின் ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் பள்ளிவாசல். நாடெங்கும் மின்வெட்டு நீண்டுகொண்டே போன வருடம் அது. ஐஸ் வரவில்லை. பிடித்த மீனை அன்றே வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. பெண்கள் சங்கமும் கோயில் சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்துதான் இந்தத் தகடுகளைக் கொண்டுவந்தன. பகலில் பற்றரி நிறையும். இரவில் அது சங்கக் கட்டடத்தில் உள்ள பெரிய குளிர்பெட்டியை ஓட்டும். ஒழுங்கை வீடுகளுக்கு வெளிச்சமும் கொடுக்கும். நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்தவன். கம்பி இழுக்கும் வேலை என்னிடம் வந்தது. வேலை இருந்தது நல்லது.

விதியையும் நான்தான் போட்டேன். இழை எரியும் பழைய குண்டு பல்ப் ஒன்றும் இந்தக் கம்பியில் இருக்கக் கூடாது. அது வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். சாக்கும் ஏணியுமாக வீடு வீடாகப் போய்ப் பழையதைக் கழற்றி எல்ஈடி குமிழ் பூட்டினேன். கோயிலிலும் மாற்றினேன். பள்ளிவாசலிலும் மாற்றினேன்.

என் வீட்டில் மாற்றவில்லை.

என் வீட்டு முன்சுவரில், ஒழுங்கை திரும்பும் மூலையில், மாதா சொரூபம் வைத்த கூடு இருக்கிறது. அதற்குள் நாற்பது வாற் சிவப்புக் குமிழ் ஒன்று. எடித் பூட்டியது. "மின்சாரம் படிச்ச மனிசன்ர வீட்டில மாதா இருட்டில நிக்கிறா" என்று சொல்லிவிட்டுத் தானே கதிரையில் ஏறினாள். பிடிக்கப் போன என்னை, "தள்ளுங்கோ, எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று அந்தக் குமிழ் எரிந்துகொண்டிருந்தது. நான் மட்டும் திரும்பி வந்தபோதும் எரிந்தது. அதன் சுவிட்ச் ஆளியை நான் தொடவில்லை. கரண்ட் இருந்தபோதெல்லாம் இரவும் பகலும் எரிந்தது.

ஒழுங்கைக்கே அது தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

நெத்தலியை இறக்கிய பிறகும் கணக்கு முழுதாகச் சரிவரவில்லை. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பற்றரி இறங்கிக் குளிர்பெட்டி நின்றுவிடும். மேலே கிடக்கும் மீன் இளகும். காலையில் வரும் வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுழிப்பார். லூசியா அக்கா கூட்டம் கூட்டினார்.

"ஆரோ இழுக்கிறீங்கள். ஆரெண்டு கேக்கேல்லை. ஆர் எதை விடப்போறீங்கள் எண்டு சொல்லுங்கோ."

பஸ்ரியன் முதலில் தொடங்கினான். "பரீனா வீட்டில கிறைண்டர் சத்தம் கேக்குது. ஒழுங்கைக்கே இடியப்பம் அவிக்கிறாளோ?"

பரீனா எனக்கு எதிர்வீடு. கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "எங்கட கிறைண்டர் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்டது பஸ்ரியன் அண்ணன்? உங்கட டீவியில நாடகக்காரி அழுகிற சத்தத்தில எங்களுக்குப் பாங்கே கேக்குதில்லை."

கூட்டம் சிரித்துக் குலுங்கியது. பஸ்ரியன் கையைத் தூக்கினான். "சரி, டீவியை விட்டன். அவள் எப்பிடியும் அழத்தான் போறாள்."

"அப்ப கிறைண்டரை நாங்களும் விட்டோம். அம்மி கிடக்கு."

ஒருவர் துணி தேய்க்கும் மின்னழுத்தியை விட்டார். ஒருவர் மோட்டாரைப் பகலுக்கு மாற்றினார். எல்லோரும் எதையாவது கொடுத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்க்காமல் கொடுத்தார்கள். குறைகிற மின்சாரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்பது வாற் குமிழ் இரவு முழுதும் எரிந்தால் போகிற அளவு.

நான் எழுந்தேன். "இன்னும் ஒண்டு இருக்கு."

"உன்னட்டக் கேக்கேல்லை வின்சன்ட் தம்பி" என்றார் லூசியா அக்கா. "இரு. அடுத்த வீட்டுக்காரர் சொல்லுங்கோ."

பொதுக் கூரையில் சொந்த மீன் கூடாதென்று எல்லோர் முன்னாலும் கத்தியவன் நான். அதே சொல்லை அவர் எனக்குத் திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு குளிர்பெட்டி விடியும்வரை ஓடியது. மீன் கல்லுப்போல இருந்தது. வியாபாரி பேசாமல் நிறுத்தார். எல்லாம் சரியென்று விட்டிருக்கலாம்.

ஒரு பின்னேரம் பரீனா தன் வாசல்படியில் இருந்தாள். மடியில் பிள்ளை. பிஸ்கற் பெட்டி மட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று அடங்கிய நாட்கள். பனையோலைகூட அசையவில்லை. பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"ஃபான் எங்க?" என்று கேட்டேன்.

"கழட்டி வெச்சாச்சு."

"நான் ஃபானைக் கழட்டச் சொல்லேல்லையே. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வைக்கலாம் எண்டுதானே சொன்னனான்."

"நீங்க சொல்லல்ல. கூட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம் காணாம இருந்திச்சாம். லூசியா அக்காட்ட நாந்தான் சொன்னேன், ஃபானை வெச்சிப் பாருங்கண்டு."

"காத்துக்கு என்ன செய்யிறீங்கள்?"

"கடல்ல இருந்து வருகுதுதானே" என்றாள்.

மட்டையை நிறுத்தாமல் சொன்னாள். அவள் முகத்திலும் பிள்ளையின் முகத்திலும் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. என் சுவரிலிருந்து வந்த வெளிச்சம்.

அடுத்த நாள் காலை கதிரையை வெளியே கொண்டுவந்து போட்டேன். எடித் ஏறிய அதே கதிரை. ஆளியை அணைத்தேன். அது இறுகியிருந்தது, அழுத்த வேண்டியிருந்தது. ஏறிக் கூட்டைத் திறந்து குமிழைப் பிடித்தேன்.

சுட்டது. கையை எடுத்துவிட்டேன்.

அது சுடும் என்று தெரியாதவன் அல்ல. ஒழுங்கை முழுக்க அதைத்தான் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் போனபின் அந்த வீட்டில் நான் தொட்ட எதுவும் சூடாக இருந்ததில்லை.

மீன் தாச்சியோடு கரையிலிருந்து வந்த லூசியா அக்கா நின்றார். தாச்சியை மண்ணில் வைத்துவிட்டு வந்து கதிரையைப் பிடித்தார்.

"கதிரை ஆடுது" என்றார்.

"ஓம்."

"சுடுகுதோ?"

"சுடுகுது."

"அப்ப பொறு. ஆறட்டும்."

பொறுத்தோம். நான் மேலே ஒன்றும் செய்யாமல் நின்றேன். அவர் கீழே கதிரையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தாச்சி மீனில் ஈ மொய்த்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவள் பூட்டேக்க நான் இந்த வழியால வந்தனான்" என்றார். "என்ன பிள்ளை, புருசன் எங்கயெண்டு கேட்டன். அவர் படிச்சவர் அக்கா, படிச்சு முடிச்சு வரமுந்தி மாதாவுக்கு விடிஞ்சிடும் எண்டாள்."

அது எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் தெரியவில்லை. அக்கா மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குமிழ் ஆறியது. கழற்றினேன். அக்கா முந்தானையை விரித்து வாங்கித் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார். எல்ஈடியைப் பூட்டினேன். எடித்தின் குமிழை அலுமாரியில் அவள் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

பொழுதுபட்டதும் ஆளியைப் போட்டேன். வெள்ளை வெளிச்சம். ஒழுங்கையால் வந்த பஸ்ரியன் நின்றான்.

"என்னடா, மாதா ஆஸ்பத்திரி வாட்டில நிக்கிற மாதிரி நிக்கிறா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எடித்தைக் கடைசியாக நாங்கள் பார்த்தது அப்படியொரு வெளிச்சத்தில். கொண்டுபோனது அவனுடைய ஓட்டோ. காலால் மண்ணைத் தட்டினான்.

"பரவாயில்லை" என்றேன். "ஆனா, உண்மைதான்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பரீனா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்தாள். கையில் மடித்த சிவப்புக் கண்ணாடிக் கடதாசி.

"பிள்ளைக்கு வந்த சாமான்ல சுத்திக் கிடந்தது. எடுத்து வெச்சிருந்தேன். லைற்றுக்குச் சுத்துங்க."

"மாதா கூட்டுக்கா?"

"விடியப்புறம் கரைக்குப் போறவங்க சிவப்பைக் கண்டுதான் இதில திரும்புற. வெள்ளையெண்டா வேற வீடெண்டு நெனச்சி நேர போயிடுவாங்க." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இவவும் ராவைக்கு அதைப் பாத்துத்தான் தூங்குற."

பஸ்ரியன் கடதாசியைத் தொட்டுப் பார்த்தான். "எரிஞ்சு போகாதோ?"

குமிழில் உள்ளங்கையை வைத்தேன். "போகாது. இது சுடாது."

"பழசெண்டா?"

"பழசெண்டா எரிஞ்சிருக்கும்."

பஸ்ரியன் கதிரையைப் பிடித்தான். பரீனா கடதாசியை நீட்டிக் கொடுத்தாள். சுற்றி நூலால் கட்டினேன். சிவப்பு ஒழுங்கையில் விழுந்தது. பழைய சிவப்பு அல்ல, கொஞ்சம் இளசு. பிள்ளை கையை நீட்டியது.

"இனி ஃபானைப் பூட்டுங்கோ" என்றேன்.

"பூட்டித் தாங்க. படிச்சவர்தானே."

போய்ப் பூட்டினேன். பழைய மின்விசிறி. தடதடவென்று சுற்றியது. பிள்ளையின் தலைமயிர் பறந்தது.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனேன். தட்டில் லூசியா அக்காவின் பை அப்படியே இருந்தது. அடுப்பில் பழைய சாம்பல் கல்லாக இறுகிக் கிடந்தது. கிளறி எடுத்தேன். காய்ந்த பனங்கொட்டை ஊமல் வைத்து மூட்டினேன். புகை கண்ணில் பட்டது. சட்டி காய்ந்ததும் எண்ணெய் விட்டு நெத்தலியைப் போட்டேன்.

வாசம் வெளியே போயிருக்க வேண்டும். ஒழுங்கையில் பேச்சுக் கேட்டது.

"ஆர் வீட்டில பொரியல்?" லூசியா அக்காவின் குரல்.

"வின்சன்ட் வீட்டில" என்றான் பஸ்ரியன்.

"அப்ப ஏன் நிக்கிறாய்?" என்றார் அக்கா. "ஓடிப்போய்ச் சோறு கொண்டுவா. அவனட்டச் சோறு இருக்காது."

சோறு இல்லைதான். இன்னும் இரண்டு பிடி நெத்தலியைச் சட்டியில் போட்டேன்.