கடைசி டிஸ்க்கில் பயணி கேட்டது

கப்பல் வேலையில் இருக்கும் தம்பி லீவில் வந்தால் பையில் என்ன இருக்கும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். சோப்பு, சாக்லேட், அம்மாவுக்கு வலி எண்ணெய், அவளுக்கென்று ஒரு சட்டை. அந்தச் சட்டை அவளுக்குப் பொருந்தியதாகச் சரித்திரமே கிடையாது. சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவளுக்கே அளவு தெரியாமல் சட்டை வாங்கி வரும் துணிச்சல் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. இந்த முறை சட்டைக்குள் சுருட்டி ஒரு டிஸ்க்கும் வந்திருந்தது.

"கடைசி வால்யூம்க்கா. ஒருவழியா வந்துடுச்சு. நான் இன்னும் பாக்கலை, சத்தியமா."

பாவி, அதில் மட்டும் யோக்கியன்.

அது ஒரு பயணியின் கதை, ஜப்பான்காரர்கள் எடுத்த அனிமே என்னும் கார்ட்டூன் தொடர். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருத்தி ஊர் ஊராக நடந்து போவாள். ஒவ்வொரு ஊரிலும் விசித்திரமாக ஒரு சட்டம் இருக்கும். ஓர் ஊரில் பொய் சொன்னவர் வீட்டில் ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். இன்னோர் ஊரில் யாரும் தங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஊர்க்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "நாங்கள் செய்வது சரியா, தப்பா?" என்று கேட்பார்கள். பயணி வாயே திறக்க மாட்டாள். கோட்டைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுவாள். அவ்வளவுதான், முடிவுப் பாட்டு வந்துவிடும்.

பள்ளிக்கூடம் போன காலத்தில் இது இரண்டு பேருக்கும் தாங்கவே தாங்காது. பதில் தெரியாமல் சோறு இறங்குமா? அதனால் அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஒரு கதை முடிந்ததும் டிவியை அணைக்க வேண்டும். "நானா இருந்தா" என்று ஆரம்பித்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு அடுத்த கதை கிடையாது. இந்தச் சட்டத்துக்காக அவர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்து, அனிமே என்றால் சண்டைப் படம் என்றே அம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

பிறகு அந்தத் தொடரை எடுத்தவர்கள் பாதியில் கைவிட்டுவிட்டார்கள்; மிச்சத்தை இப்போதுதான் முடித்திருக்கிறார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அம்மாவும் குளியலறையில் விழுந்து, இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. அடுத்த மாதமே தம்பி கப்பலேறினான். அப்பா இல்லாத வீடு. அக்காவிடம் ஒரு வார்த்தை, போகட்டுமா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டு, "கப்பல்ல வேலை கிடைச்சுடுச்சுக்கா" என்றான்.

அதற்கப்புறம் அவன் வரும்போதெல்லாம் வகைவகையாக ஆக்கிப் போட்டாள், சிரித்துப் பேசினாள். ஆனால் நெஞ்சுக்குள் அந்த முள் அப்படியே இருந்தது. அதை எடுத்துப் போடவும் மனசில்லை, எடுத்துக் காட்டவும் மனசில்லை.

இப்போது அந்த முள் கூடுதலாகக் குத்தியது. கம்பெனி முதலாளி வேறு ஊரில் ஒரு பெரிய யூனிட் திறக்கிறார். கட்டிங் பிரிவு முழுவதையும் அவள்தான் பார்க்க வேண்டும் என்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, மெஷின் கத்தியை உள்ளே விடும்போது அவள் கை நடுங்கியதே இல்லை. அந்தப் பிரிவை அவளால் கண்ணை மூடிக்கொண்டு நடத்த முடியும். போக வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. ஆனால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? தம்பியிடம் வாய் வரைக்கும் வந்த பேச்சு, அவன் இறங்கி வந்த நாளிலிருந்து வாயிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்து, உள்ளறையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தம்பிக்கு நரை எட்டிப்பார்த்திருந்தது. ஆனாலும் பழைய மாதிரியே தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

கடைசிக் கதையில் பயணி ஒரு சாதாரண ஊருக்கு வருகிறாள். அங்கே சட்டமே இல்லை. அவளை யாரும் சூழ்ந்துகொள்ளவில்லை, எதுவும் கேட்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி கொடுக்கிறார், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பயணி ஒரு நாள் பார்க்கிறாள், இரண்டு நாள் பார்க்கிறாள். கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் போகிறாள், திரும்பி வருகிறாள். கடைசியில், துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முன்னால் போய் நிற்கிறாள். தொடர் முழுக்க யாரிடமும் எதையும் கேட்காத அந்த மகராசி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறாள்.

"நான் இங்கே இருக்கலாமா?"

அந்தப் பெண் திரும்புகிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. பாட்டு வந்துவிட்டது.

"அட போங்கடா!" தம்பி தலையணையைத் தூக்கி எறிந்தான். "இத்தனை வருஷம் காக்கவெச்சது இதுக்குத்தானா?"

எழுந்துபோய் டிவியை அணைத்தான். சட்டம் சட்டம்தானே.

"நானா இருந்தா," என்றான், "அந்தப் பொம்பளை எடத்துல, தாராளமா இருன்னு சொல்லுவேன். நீ சொல்லு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நானா இருந்தா, வந்த அன்னிக்கே கேட்டிருப்பேன். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு அவளுக்கு? சில பேரு கேக்கவே மாட்டாங்க. கேக்காமலே பெட்டியைக் கட்டிடுவாங்க."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "என்னையா சொல்றே?"

"வேற யாரை? அம்மா விழுந்து ஒரு மாசம்கூட ஆகலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேட்டேனேக்கா."

"எப்போ?"

"பாலம் கதை பாத்தமே, அப்போ."

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தப் பழைய கதை ஞாபகம் வந்தது. ஓர் ஊரில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். ஒருவர் கரையில் நின்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் தாண்ட முடியும். பிடித்தவர் கடைசி வரைக்கும் தாண்டவே முடியாது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் அங்கே நின்றார்கள்.

"உன்னை ரெண்டு தடவை கேட்டேன்க்கா. 'நெசமா சொல்லு, நீயா இருந்தா என்ன பண்ணுவே'ன்னு. நீ சொன்னே, 'நானா இருந்தா சக்கரத்தை நான் புடிச்சுக்குவேன், அவன் போகட்டும்'னு. மறுநாள்தான் நான் கையெழுத்துப் போட்டேன்."

"டேய், அது படத்துக்குச் சொன்னதுடா!"

"எனக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்ல முக்கியமானதை எல்லாம் அப்படித்தானே பேசினோம்."

தம்பி தரைவிரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"தெரியாதுன்னது பொய்க்கா. தெரியும். நேரா கேட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் அப்படிக் கேட்டேன்."

அக்காவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த தம்ளரை அவன் மேல் வீசலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் வீசத்தான் அவளுக்கு யோக்கியதை உண்டா? திங்கட்கிழமைப் பேச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கொழுக்கட்டை அது இது என்று பயணியின் தலையில் பழியைப் போட்டவள் யார்? அவன் பாலத்தை வைத்துக் கேட்டான், இவள் ரொட்டிக்கடை ஊரை வைத்துக் குத்துகிறாள். ஒரே வயிற்றில் பிறந்ததுகள், புத்தி வேறு எப்படி இருக்கும்?

"இங்க பாரு," என்றாள். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள். "படம் முடிஞ்சுபோச்சு. இனிமே இந்த 'நானா இருந்தா' எல்லாம் கிடையாது. நான் கேக்கிறேன், நீ பதில் சொல்லு. எனக்கு வெளியூர்ல வேலை வந்திருக்கு. பெரிய வேலை. நான் போகணும்டா. போகணும்னு அவ்வளவு ஆசையா இருக்கு. நீ கப்பலுக்குத் திரும்பிப் போகாதே. இங்க இருந்து அம்மாவைப் பாத்துக்கோ. இருப்பியா, மாட்டியா?"

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி உடனே சரியென்றிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அவன் டிவியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"எனக்குச் சோறுகூட ஒழுங்கா வடிக்கத் தெரியாதுக்கா. அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டணும்னு நெனச்சாலே பயமா இருக்கு. நெசமாவே பயமா இருக்கு."

"பயத்தைக் கேக்கலை."

"இருக்கேன்," என்றான். "படகு ரிப்பேர் பண்ற பட்டறையில ஆள் கேக்கிறாங்க. இருக்கேன்."

எத்தனையோ வருஷமாகச் சுமந்த கோபத்துக்கு ஒரு பெரிய சண்டையாவது வேண்டாமா? ஒரே சொல்லில் முடித்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. அவன் மனசு மாறுவதற்குள் என்று, அழுதுகொண்டே முதலாளிக்குப் போன் போட்டாள். "வர்றேன் சார், நான் வர்றேன்," என்று அவர் "ஹலோ" சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

போனை வைத்ததும் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. விழுந்ததிலிருந்து அம்மாவின் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"என்னை யாரு பாத்துக்கிறதுன்னு... ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. நல்லது. என்னை மட்டும்... யாரும் கேக்கலை."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் எழுந்து உள்ளே ஓடினார்கள். கட்டிலின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தார்கள். முதலில் வாய் திறந்தவள் அக்காதான்.

"அம்மா, நான் போகட்டுமா?"