கடல் சாமந்திக்கு வெளிச்சம்

கனகரத்தினம் கடலைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மருதனார்மடத்துக்கு வந்துவிட்டார் என்று அயலில் ஒரு பகிடி இருந்தது. அதில் பெரிதாகப் பொய்யுமில்லை. காங்கேசன்துறையில் மின்சார வேலை முடித்து வீடு திரும்பும்போதெல்லாம் கானில் கடல் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார். அப்படி ஊற்றி ஊற்றித்தான் நடு அறையில் இருந்த கண்ணாடித் தொட்டி நிறைந்தது. உள்ளே பவளப் பூச்சிகள் கட்டிய உயிர் முருகைக்கற்கள். அவற்றின் நடுவில் ஒரு கடல் சாமந்தி. பேர்தான் சாமந்தி, உண்மையில் அது ஒரு பிராணி. நூறு விரல்களை விரித்துத் தண்ணீரில் ஆடவிட்டபடி இருக்கும். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட மீன் சோடி ஒன்று அந்த விரல்களுக்குள் புகுந்து குடியிருந்தது.

அவர் மனைவி நாகேஸ்வரிக்கு மீனைவிட, தொட்டிக்கு மேலே அவர் செய்துவைத்த வேலையில்தான் அதிசயம். மூன்று டியூப் லைட்டை வரிசையாகப் பூட்டி, அவற்றின் முதுகுப்பக்கம் தேயிலைப் பெட்டிக்குள் இருந்து உரித்த ஈயத்தாளை ஒட்டியிருந்தார். வெளிச்சம் ஒரு சொட்டும் மேலே வீணாகாமல் தண்ணீருக்குள் இறங்கும். உப்புத் தண்ணீர் தெறித்து ஹோல்டரைத் தின்றுவிடாமலிருக்க இடையில் ஒரு கண்ணாடி மூடி. அதையும் சும்மா மட்டமாக வைக்கவில்லை. ஒரு பக்கம் சற்றே தாழ்த்திச் சரிவாக வைத்திருந்தார். ஆவி பட்டு வேர்க்கும் தண்ணீர் அந்தச் சரிவில் வழிந்து திரும்பவும் தொட்டிக்குள்ளேயே விழும். காற்றுக் குழாய் போக மூலையில் மட்டும் கண்ணாடியை வெட்டியிருந்தார். மீன் துள்ளி வெளியே விழவும் வழியில்லை.

"உதுக்குள்ளை ஒரு குடும்பமே இருக்கலாம் போல கிடக்கு" என்பாள் நாகேஸ்வரி.

"வாடகைக்கு விடுவமோ?" என்பார் அவர்.

பின்னேரம் நாகேஸ்வரி சாமியறையில் விளக்கு வைத்ததும் கனகரத்தினம் தொட்டிக்கு லைட் போடுவார். அதுதான் ஒழுங்கு. பக்கத்து வளவு ஏரம்பர் வெற்றிலையோடு வந்து குந்துவார். யாராவது படலையடியில் நின்று "கடல் பாக்கலாமோ?" என்று கேட்பார்கள். படுக்கப் போகுமட்டும் லைட் எரியும்.

எண்பத்தாறில், சண்டைக் காலத்தில், வெளிச்சம் கண்ட இடத்தில் சுடுகிற ஆமி ஹெலி வரத் தொடங்கியது. பொழுதுபட்டால் போதும், எங்கேயோ ஒரு இரைச்சல் கேட்கும், ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் லைட்டை நூர்த்து இருட்டாகிவிடும்.

"தம்பி, உன்ரை தொட்டி வெளிச்சம் என்ரை கிணத்தடி வரைக்கும் அடிக்குது" என்றார் ஏரம்பர். "மேலை இருந்து பாக்கிறவனுக்கு மீனெண்டு தெரியுமோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அன்றிலிருந்து தொட்டி இருளில் கிடந்தது. நடு அறைக்குப் பகலிலும் பெரிதாக வெளிச்சம் வராது. யன்னலடியில் வைத்தால் வெயிலுக்குத் தண்ணீர் சுட்டுவிடும், பாசியும் பிடிக்கும் என்றுதான் தொட்டியை அங்கே வைத்திருந்தார்.

வெளிச்சம் இல்லாமல் மூன்றாம் வாரத்துக்குள் சாமந்தி சுருங்கிவிட்டது. விரல்களை உள்ளே இழுத்து, வெளிறி, ஒரு பழைய சட்டைப் பொத்தான் மாதிரிக் கிடந்தது. மீன் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி நீந்தின. படுக்க இடமில்லை. பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் நாகேஸ்வரிதான். உலை வைத்துவிட்டு ஒருமுறை, உடுப்புக் காயப்போட்டுவிட்டு ஒருமுறை என்று வந்து வந்து குனிந்து பார்த்தாள். செத்துவிட்டதோ என்று பார்க்கவே ஒவ்வொரு முறையும் பயமாக இருந்தது.

கனகரத்தினம் சும்மா இருக்கவில்லை. தகரம் வெட்டி, லைட்டையும் தொட்டியையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்தார். விளிம்பெல்லாம் கறுப்புத் துணி ஒட்டினார். லைட்டைப் போட்டுவிட்டு ஏரம்பரை ஒழுங்கையில் நிற்கவிட்டு, "தெரியுதோ?" என்று கேட்டார்.

"ஒரு பொட்டும் தெரியேல்லை. நீ உள்ளுக்கை இருக்கிறியோ எண்டே தெரியேல்லை."

நாகேஸ்வரி அந்த மூடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். கடைச் சாமான் தோற்றுவிடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் தகரம் கை வைக்க முடியாமல் சுட்டது. திறந்து பார்த்தால் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவசரமாக மூடியைக் கழற்றி லைட்டை நூர்த்தார்கள். பக்கத்தில் ஓட்டை போட்டால் வெக்கை போகும். ஓட்டையால் வெளிச்சமும் போகும்.

கனகரத்தினம் நிலத்தில் அமர்ந்து தகர மூடியைத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பம். இல்லையெண்டால் கொண்டுபோய்க் கடலிலை விட்டிட்டு வாறன். இஞ்சை வைச்சுச் சாக்காட்டக் கூடாது."

நாகேஸ்வரி ஓம் என்றாள். ஆனால் நித்திரை வரவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் சைக்கிளில் போனதும் அவள் வீடு கூட்டினாள். கூட்டிக்கொண்டு தொட்டியடிக்கு வந்தவள் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். ஹெலி வருவது இரவில். இரவில்தான் வெளிச்சம் தெரியும். இப்போது வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. இப்போது லைட் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கை சுவிட்ச்சுக்குப் போய்த் தயங்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் விளக்கு. பட்டப்பகலில் லைட் எரியவிட்டால் அவளுடைய ஐயா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அவளும் அப்படியே வளர்ந்தவள். சாமந்தியை இன்னொருமுறை பார்த்துவிட்டுச் சுவிட்ச்சைத் தட்டினாள். தகர மூடியைச் சுவரோடு சாத்திவிட்டு, பழைய கண்ணாடியை மட்டும் சரிவாக வைத்தாள். லைட் திறந்தபடி இருந்ததால் தண்ணீர் சுடவில்லை. ஒவ்வொரு முறையும் விரலை வைத்துப் பார்த்தாள்.

பத்து மணியளவில் கோடாலி கேட்டு ஏரம்பர் வந்தார்.

"உதென்ன பிள்ளை, பகலிலை லைட்? கலியாண வீடோ?"

"ஓம் அண்ணை. மாப்பிளைதான் இன்னும் முழிக்கேல்லை."

"கனகரத்தினத்துக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீங்களும் சொல்லாதேங்கோ. ஒண்டும் நடக்காட்டில் நான் ஏன் பகிடிப்படுவான்?"

ஏரம்பர் குனிந்து பார்த்தார். "எங்களுக்கு வடிவு பாக்கத்தானே லைட் எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, கோடாலியை மறந்துவிட்டுப் போனார்.

தினமும் கனகரத்தினம் வேலைக்குப் போனதும் லைட்டைப் போடுவாள், அவர் வரமுன் நூர்ப்பாள். புதன்கிழமை ஒரு விரல் மெல்ல வெளியே வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க அது திரும்ப உள்ளே போனது. வியாழக்கிழமை அரைவாசி. இருட்டியதும் அது தானாகவே சுருங்கிக்கொண்டதால் கனகரத்தினம் எதையும் காணவில்லை. சனிக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை. அதை நாகேஸ்வரி மறந்தேபோனாள்.

சைக்கிளை நிறுத்தியவர் வாசலில் நின்றார். நடு அறை நீலமும் வெள்ளையுமாகக் கிடந்தது. சாமந்தி முழுதாக விரிந்திருந்தது. ஒரு மீன் விரல்களுக்குள் புகுந்து வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப துவங்கினீர்?"

"திங்கக்கிழமை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் பகலுக்கெண்டு இன்னொரு மூடி செய்யத் துவங்கியிருப்பியள்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியின் சரிவை விரலால் அளந்து பார்த்தார். அவர் வைத்ததைவிடச் சற்று அதிகமாகச் சரித்திருந்தாள். சொட்டு இன்னும் சுகமாக ஓடியது. அதை மாற்றவில்லை.

"சோத்தை இஞ்சை கொண்டு வாரும்" என்று சொல்லித் தொட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். அவள் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, மற்ற மீனும் உள்ளே போயிருந்தது.