எட்டாவது லைஃப் ஜாக்கெட்

முதியோர் இல்லத்து ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும். ஆனாலும் கடைசியாகப் படகு விட்டு பதினெட்டு வருடம் ஆகியும், வெல்டாவின் காதுக்குள் கிரீன் ஆறு இரைந்துகொண்டே இருந்தது. முட்டி மடங்க மறுத்த பிறகும், அந்த ஆற்றின் செம்பாறைப் பள்ளத்தாக்கில் படகு விடும் அனுமதிக் குலுக்கலுக்கு வருடம் தவறாமல் விண்ணப்பம் போட்டாள். இந்த வருடம் அவள் பெயர் விழுந்தது.

பல மாதமாக எட்டிப் பார்க்காத மகன் டாரின், டோனட் பெட்டியோடு ஓடி வந்தான்.

"அம்மா, நீதாம்மா அதிர்ஷ்டக்காரி!"

அவன் கட்டிக்கொண்டதும் பாவம், அவள் உருகித்தான் போனாள். பயண நாளன்று படகுத் துறைக்குப் போகும் வழியில் குட்டு வெளிப்பட்டது.

"உன் பேர்ல அனுமதி இருக்கிறதால நீ வந்தே ஆகணும். ரேஞ்சர்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டு, அவங்க போனதும் வண்டியிலயே திரும்பிடு. அலை ஒவ்வொண்ணும் வீட்டு உயரம். உனக்கு எதுக்கும்மா?"

வெல்டா மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

துறையில் டாரினின் ஆறு நண்பர்கள் காத்திருந்தார்கள். வனக் காவலரான ரேஞ்சர் பெண்மணி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். "எட்டுப் பேரு. ஏழு லைஃப் ஜாக்கெட்தானே இருக்கு?"

"உபரி ஒண்ணு இருக்குங்க," என்று இழுத்தான் டாரின்.

"உபரி ஆபத்துக்கு. அம்மாவோடது எங்கே? நீங்க எந்தப் படகுல வர்றீங்கம்மா?"

உண்மையைச் சொன்னால் பயணமே ரத்து. டாரினின் நண்பர்கள் மணலைப் பார்த்தார்கள்.

"எந்தப் படகுன்னு என் மகன்தான் சொல்லணும்," என்றாள் வெல்டா. பையைத் திறந்து, வெளுத்துப்போன தன் பழைய ஜாக்கெட்டை எடுத்தாள். போன வாரமே அதைத் துடைத்து, புது வார் தைத்து வைத்திருந்தாள். ரேஞ்சர் அமுக்கியும் இழுத்தும் பார்த்துத் தலையசைத்தாள்.

டாரினுக்கு முகம் செத்துப்போனது. மண்டியிட்டு அம்மாவின் ஜாக்கெட்டை மாட்டினான். "என் படகுலதாங்க வர்றாங்க. முன்பக்கம்."

மதியம், ஆறு பாறைகளில் மோதிச் சீறிப் பாயும் முதல் பாய்ச்சல் வந்தது. படகு செங்குத்தாக எழும்பி விழ, குளிர்ந்த செம்மண் நீர் வெல்டாவின் முகத்தில் அறைந்தது. கயிற்றை இறுகப் பிடித்தபடி அவள் போட்ட கூச்சல் பாறைகளில் எதிரொலித்தது.

ஆறு அடங்கியதும் டாரின் துடுப்பை நிறுத்தினான். "உன் கையெழுத்து இருந்தா போதும்னு நெனச்சுட்டேம்மா. மன்னிச்சிடு."

வெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்தவங்களுக்கு வயசானா முட்டிதான்டா தேயும், ஆசை தேயாது. வேலை ஆகணும்னா மட்டும் தேடி வராதே. சரி, போடு துடுப்பை! அடுத்த பாய்ச்சல் இதைவிடப் பெருசு."